கொசுறுக் குடியரசு

ஒரு பிடி மண்ணுக்காக ஒரு துறைமுகத்தையே எழுதித் தரச் சொல்லிக் கேட்பார்கள் என்று யாராவது சொல்லியிருந்தால், மரகதம் வயிறு குலுங்கச் சிரித்திருப்பாள். இப்போது சிரிக்க முடியவில்லை. கேட்ட ஆள் எதிரிலேயே உட்கார்ந்து அவள் கொடுத்த காப்பியைக் குழல் வைத்து உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

ஆளின் பெயர் கஜபதி. செவ்வாய்க் கூட்டரசின் வர்த்தக ஆணையர். பெயருக்கேற்ற உடம்பு, உடம்புக்கேற்ற குரல்.

மரகதம், போபோஸ் குடியரசின் வர்த்தக அமைச்சர். குடியரசு என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். போபோஸ் என்பது செவ்வாயைச் சுற்றி ஓடும் குட்டி நிலா. பாறைக்குள் குடைந்து ஊர் கட்டியிருந்தார்கள். மொத்த ஜனத்தையும் செவ்வாய்த் தலைநகரின் ஒரு கிரிக்கெட் மைதானத்தில் உட்கார வைத்தாலும் காலி நாற்காலி மிஞ்சும். எந்த ஜன்னலில் எட்டிப் பார்த்தாலும் வானத்தை அடைத்துக்கொண்டு செவ்வாய் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் நம் வாசலில் நாற்காலி போட்டு நிரந்தரமாக உட்கார்ந்துவிட்ட மாதிரி.

அங்கிருந்து இங்கே தண்ணீர் வரும். இங்கிருந்து அங்கே மண் போகும். செவ்வாயில் இல்லாத மண்ணா என்று கேட்கலாம். அங்கே உள்ள மண்ணில் நச்சு உப்பு. விதை போட்டால் விதை கருகும். போபோஸின் கரும்பாறையைப் பொடித்து, சலித்து, கிருமி இல்லாமல் சூளையில் சுட்டுப் பெட்டி பெட்டியாக அனுப்பினால்தான் செவ்வாயின் கண்ணாடிக் கூடாரங்களில் கத்தரிக்காய் காய்க்கும். ஒரு போகம் முடிந்ததும் உப்பு ஏறிவிடும் என்று பயந்து பழைய மண்ணைக் கொட்டிவிட்டுப் புதுசு வாங்குவார்கள். நல்ல வாடிக்கை.

இரண்டு நாட்டுக்கும் நடுவில், மேஜை மேல், தேங்காய் பருமனுக்கு ஒரு கறுப்பு உருண்டை. அதன் பெயர் தராசு. ஒப்பந்தத்தை வாசிக்கவும், நிறுக்கவும், தீர்ப்புச் சொல்லவும் தெரிந்த இயந்திரம். துறைமுகத்தின் கதவும், செவ்வாயில் தண்ணீர்க் கப்பல்களை நிரப்பும் குழாயின் திருகும் அதன் சொல்லுக்குத்தான் கட்டுப்படும். மனிதர்கள் எடை போட்ட காலத்தில் பெரிய நாடு கண் காட்டினால் முள் சாய்ந்தது. இயந்திரத்துக்குக் கண்ணும் கிடையாது, சாய்வும் கிடையாது. அதனால்தான் மரகதமே அதற்கு ஆதரவாக ஓட்டுப் போட்டாள். அது வந்து ஒரு போகம்கூட முழுசாக ஆகவில்லை.

"தராசு, நீயே அமைச்சருக்குச் சொல்லு," என்றார் கஜபதி.

ஆணும் இல்லாத, பெண்ணும் இல்லாத குரல் பேசியது. "இந்தப் போகத்தில் போபோஸ் அனுப்பிய ஒவ்வொரு பெட்டியிலும், எழுதிய அளவைவிட ஒரு கைப்பிடி மண் கூடுதலாக இருந்தது. ஒப்பந்தப்படி, குறைந்தாலும் மீறல். கூடினாலும் மீறல்."

"குறைஞ்சா குத்தம், ஒத்துக்கறேன்," என்றாள் மரகதம். "கூடினா என்ன சார் குத்தம்? எனக்கு அதிகமாக் குடுத்துட்டாங்கன்னு எவனாவது போலீஸ்ல புகார் குடுப்பானா?"

"எங்க ஊர்ல குடுப்போம் மேடம். சுடாத மண்ணு, சோதிக்காத மண்ணு, உள்ள என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்? விதி விதிதான். மீறின நாட்டோட துறைமுக மேற்பார்வை, மத்த நாட்டுக்குப் போகும்." கஜபதி காப்பியை வைத்தார். "தப்பா நினைக்காதீங்க. தங்கச்சி நாடாச்சே, ஒரு அக்கறைதான்."

"தங்கச்சி வீட்டுச் சாவியைத் தன் இடுப்புல செருகிக்கிற அண்ணனுக்கு எங்க ஊர்ல வேற பேரு இருக்கு சார். நீங்க விருந்தாளி, அதனால சொல்லல."

கஜபதி சிரித்துவிட்டார்.

துறைமுகம்தான் போபோஸிடம் சொந்தமாக இருந்த ஒரே சொத்து. சிறுகோள் பக்கத்துச் சுரங்கக் கப்பல்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் வந்து இறங்கும், விற்கும், வாங்கும், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுப் போகும். அதன் சாவி கைமாறினால், குடியரசு என்பது லெட்டர்பேடில் மட்டும் மிஞ்சும்.

பின்னால் நின்ற நவாஸ் குனிந்தான். அவளுடைய செயலாளர். படித்தது சட்டம், பழகியது வாய்த்துடுக்கு. "மேடம், திருத்த அவகாசம்னு ஒரு பிரிவு இருக்கு. அடுத்த போகம் முழுக்க ஒரு கிராம்கூட கூடாம அனுப்பினா, மீறல் ரத்து."

"கூடினா?"

"சாவிக் கொத்தை ஒரு நல்ல டப்பாவுல போட்டுக் குடுத்துடலாம்."

*

பெட்டி கட்டும் கூடத்தில் தலைவி எஸ்தர். சண்டை போட்டால் சூளை அணைந்துவிடும் என்று பெயரெடுத்தவள். அவளுக்குப் பின்னால் கட்டுக்காரர்கள் அத்தனை பேரும் நின்றார்கள்.

"யாரு அந்த ஒரு பிடியைப் போடுறது?" என்றாள் மரகதம்.

அத்தனை கையும் உயர்ந்தது.

"எதுக்கு?"

எஸ்தருக்குக் கேள்வியே புரியவில்லை. "எதுக்குன்னா? கொசுறு, அமைச்சரம்மா. நீங்க சந்தையில கத்தரிக்கா வாங்கினா ஒரு கொத்து கறிவேப்பிலை கேட்காமக் கிளம்புவீங்களா? கடைக்காரன்தான் கொசுறு இல்லாம கையில பையைக் குடுப்பானா?"

"இது சந்தை இல்ல எஸ்தர். நாடுகளுக்கு நடுவுல நடக்கிற வர்த்தகம்."

"பெரிய சந்தைன்னா பெரிய கொசுறு குடுக்கணும். நாங்க ஒரு பிடிதான் குடுக்கறோம். நியாயமாப் பார்த்தா கஞ்சத்தனம்."

ஒவ்வொரு மேடைக்குப் பக்கத்திலும் ஒரு பழைய தொட்டி. புதினா, கறிவேப்பிலை, எவனோ ஆசைக்கு நட்ட ஒரு மல்லி. சமையலறைக் கழிவைப் போட்டுப் போட்டு வளர்த்த மண். புழு நெளிந்தது. அதிலிருந்துதான் பிடி போயிருக்கிறது.

"சுட்ட மண்ணு பிணம் மாதிரி கிடக்கும்மா. அப்படியே மூட மனசு வராது. மேல ஒரு பிடி தூவினா கொஞ்சம் களையா இருக்கும், அவ்வளவுதான்," என்றாள் எஸ்தர்.

"இனிமே கூடாது. கூடினா துறைமுகம் போயிடும்."

துறைமுகம் என்றால் என்ன என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. "சரி," என்றாள் எஸ்தர். "போட மாட்டோம்."

சொல்வது சுலபம். மறுநாள் முதல் பெட்டியிலேயே எஸ்தரின் கை தொட்டிக்குப் போய்விட்டது. நவாஸ் கத்தினான். அடுத்த பெட்டியில் இன்னொருத்தர். கையுறை கொடுத்தார்கள், கையுறையோடு போனது. தொட்டியை எட்ட வைத்தார்கள், எட்டிப் போனது. காவலுக்கு நின்ற நவாஸே சாயங்காலம் அகப்பட்டான். மூடும் நேரத்தில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளே போட்டிருந்தான்.

"நீயுமாடா?"

"வெறுமையா இருந்துச்சு மேடம். பார்க்கப் பாவமா இருந்துச்சு." நல்லவேளை, பெட்டி தராசு நிறுக்கும் துறைமுக வாசலைத் தாண்டவில்லை.

கடைசியில் ஒரு வழி பிறந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் பக்கத்தில் ரப்பர் வாய் வைத்த ஒரு டிரம். கை வழக்கம்போல் தொட்டிக்குப் போகும், பிடி எடுக்கும், டிரம்முக்குள் போடும். அப்புறம் பெட்டியை மூடலாம். கைக்கும் நிம்மதி, துறைமுகத்துக்கும் நிம்மதி.

எஸ்தருக்கு மட்டும் ஆறவில்லை. "பந்தியில உட்கார வச்சுட்டு இலையை உருவுற மாதிரி இருக்கும்மா," என்றாள். ஒவ்வொரு பெட்டியை மூடும்போதும் அதன் தலையில் லேசாகத் தட்டி, "கோச்சுக்காதே," என்று சொல்லி அனுப்பினாள்.

டிரம்கள் நிறைந்தன. விண்வெளியில் கொட்டிவிடலாம் என்று நவாஸ் சொன்னபோது எஸ்தர் பார்த்த பார்வையில் அவன் இரண்டு நாள் கூடத்துப் பக்கமே வரவில்லை. அரிசி கழுவின தண்ணீரை ஊற்றி டிரம் மண்ணையும் வளர்க்க ஆரம்பித்தார்கள்.

போகம் முடிந்தது. தராசு அறிவித்தது: "ஒரு கிராம் கூடவில்லை. ஒரு கிராம் குறையவில்லை. மீறல் ரத்து." கூடத்தில் விசில் பறந்தது. எஸ்தர் நவாஸைத் தூக்கிச் சுற்றினாள். போபோஸில் ஈர்ப்பு பெயருக்குத்தான். விட்டதும் அவன் கூரையில் போய் முட்டிக்கொண்டான்.

*

கெட்ட செய்தி முதலில் எஸ்தரின் மகள் வழியாக வந்தது. செவ்வாயில் கட்டிக்கொடுத்த பெண்.

"கீரை மஞ்சளா இருக்காம். பாப்பா வாயில வச்சதும் துப்புறாளாம்," என்றாள் எஸ்தர்.

அப்புறம் செய்திகளிலேயே வந்தது. கத்தரிக்காய் நெல்லிக்காய் அளவு. நெல்லிக்காய் மிளகு அளவு. தலைநகர் ஓட்டல்களில் சாம்பாருக்குள் காய் தேட ஸ்பூன் போதாது, பூதக்கண்ணாடி வேண்டும் என்று கேலிச்சித்திரம் போட்டார்கள். பட்டினி இல்லை. கிடங்கில் மாவும் பருப்பும் இருந்தது. ஆனால் பச்சையாக, ருசியாக ஒன்றும் இல்லை. செவ்வாய் உறவுக்காரர்கள் இல்லாத வீடு போபோஸில் கிடையாது. எல்லா வீட்டிலும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முணுமுணுப்பு.

மரகதம் மண் அளவுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் சரி. எழுத்துக்கு எழுத்து சரி. அதுதான் அவளை உறுத்தியது.

கஜபதி வந்தார். இந்த முறை முன்னறிவிப்பு இல்லை. உடம்பு கொஞ்சம் இளைத்திருந்தது.

"தலைநகர்ல கொதிச்சுப்போய் இருக்காங்க மேடம். நீங்க வேணும்னே கெட்ட மண்ணை அனுப்பினீங்கன்னு பேச்சு. தண்ணிக் குழாயை மூடச் சொல்றாங்க."

மண்ணில்லாமல் செவ்வாய் சில மாதம் தாங்கும். தண்ணீர் இல்லாமல் போபோஸ் ஒரு வாரம் தாங்காது. "தராசையே கேட்போம்," என்றாள்.

"குழாயை மூட முடியாது," என்றது தராசு. "போபோஸ் மீறவில்லை. சுட்ட மண் கேட்டீர்கள், சுட்ட மண் வந்தது. அளவு சரி, தரம் சரி. மீறாத நாட்டின் தண்ணீரை நிறுத்தினால், அது செவ்வாயின் மீறல்."

நவாஸ் அந்த உருண்டைக்கு ஒரு முத்தம் கொடுக்கலாமா என்று பார்த்தான்.

கஜபதி பெருமூச்சு விட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். "எங்க விஞ்ஞானிகளும் கண்டுபிடிச்சுட்டாங்க. சுட்ட மண்ணுல பயிர் வளராது. அதுல உயிரே இல்ல. இத்தனை வருஷம் வளர்ந்தது உங்காளுங்க மேல தூவின அந்த ஒரு பிடியால. புழு, பூஞ்சை, கண்ணுக்குத் தெரியாத ஆயிரம் ஜீவன். ஒரு பிடி போதும், பெட்டி முழுக்கப் பரவிடுமாம். அதை நாங்கதான் நிறுத்தச் சொன்னோம்."

கதவோரம் நின்ற எஸ்தர், "களைக்காகத்தான் போட்டோம்," என்றாள் தனக்குத்தானே.

"தராசு," என்றார் கஜபதி, "பழையபடி அந்தப் பிடியைப் போடச் சொல்லி உத்தரவு போடு."

"முடியாது. அது ஒப்பந்தத்தில் இல்லாதது. இல்லாததைக் கொடு என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை."

"அப்ப ஒப்பந்தத்துல சேர்த்துடுவோம் மேடம். பிடிக்கு இவ்வளவுன்னு விலை சொல்லுங்க. என்ன விலையானாலும் சரி."

நவாஸின் கண் பளபளத்தது. மரகதம் எஸ்தரைப் பார்த்தாள். எஸ்தர் முகம் சுளித்தது, யாரோ விருந்தில் சாப்பிட்டதற்குக் காசு நீட்டின மாதிரி.

"விலை கிடையாது சார்," என்றாள் மரகதம். "விலை போட்டா அதுவும் சரக்கு ஆயிடும். நாளைக்கு அதையும் நிறுத்துப் பார்த்து, கூடிடுச்சு குறைஞ்சிடுச்சுன்னு சாவியைக் கேட்பீங்க. சரக்கை நாங்க ஒப்பந்தத்துக்காகக் குடுக்கறோம். கொசுறை எங்க இஷ்டத்துக்குக் குடுக்கறோம். அந்த இஷ்டம் எங்க கையில இருக்கறவரைக்கும்தான் நாங்க ஒரு நாடு."

"அப்ப குடுக்க மாட்டீங்களா? குழந்தைங்க சாப்பிட மாட்டேங்குது மேடம்."

"யாரு குடுக்க மாட்டேன்னது? எஸ்தர், டிரம் எத்தனை இருக்கு?"

"கூடம் நிறைய இருக்கும்மா. நடக்க வழியில்ல."

"இன்னைக்கே எல்லாத்தையும் ஏத்தி அனுப்ப எனக்கு ஆசைதான் சார். ஆனா ஏத்தின மறுநிமிஷம் அளவு கூடிடும். கூடினா மீறல். மீறினா துறைமுகம் போச்சு. நான் எழுதின விதியா அது? நீங்க எழுதினது." அவள் கையை விரித்தாள். "உங்க தலைநகரத்துக் குழந்தைக்கும் எங்க டிரம்முக்கும் நடுவுல நிக்கறது உங்க ஒத்த வரிதான். அழிச்சுக் குடுங்க. கூடினா மீறல்ங்கற வரி. அதோட அந்தச் சாவி வரியும்."

"சாவி வரியுமா? முதல் வரியை மட்டும் அழிச்சாலே டிரம் ஏறிடுமே?"

"அது கொசுறு சார்."

எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டாள். நவாஸுக்கு விக்கல் எடுத்தது.

மரகதம் தயாராகத்தான் இருந்தாள். பெரிய நாட்டின் ஆணையர், விடிய விடிய இழுப்பார், மிரட்டுவார், பாதி வரியைத்தான் அழிப்பார். அதற்காக இரண்டு வேளைச் சாப்பாட்டுக்குச் சொல்லிவிட நினைத்திருந்தாள். கஜபதியோ தலைநகருக்கு ஒரு அழைப்பு போட்டார். "வேற வழியில்லைங்க... ஆமாங்க... கூட்டரசோட மானம் சாம்பார்ல மிதக்குதுங்க," என்றார். சம்மதம் வந்தது. தராசின் முன்னால் கட்டைவிரலை வைத்தார். மரகதமும் வைத்தாள்.

"இரண்டு வரிகளும் அழிக்கப்பட்டன," என்றது தராசு.

அவ்வளவுதான். காப்பிகூட ஆறவில்லை.

*

கப்பல் மேடைக்கு அவரை வழியனுப்ப மரகதம் கூடவே நடந்தாள். காந்தச் செருப்புகள் தரையில் டக் டக் என்று ஒட்டிப் பிரிந்தன. எதிரே எஸ்தரின் ஆட்கள் டிரம்களைத் தள்ளிக்கொண்டு பாட்டும் கூச்சலுமாகப் போனார்கள். தராசின் காது இந்த மேடை வரைக்கும் நீளாது.

"ஒண்ணு உறுத்துது சார்," என்றாள். "நீங்க பேரமே பேசல."

கஜபதி நின்றார். சுற்றும் முற்றும் பார்த்தார். அந்தப் பெரிய முகத்தில், பரீட்சையில் காப்பியடித்துத் தப்பித்த பையனின் சிரிப்பு வந்தது.

"உங்க டிரம் எங்களுக்கு அவசியமே இல்ல மேடம்."

மரகதத்துக்குச் செருப்பு தரையை விட்டுவிட்டது போலிருந்தது.

"செவ்வாயில தெற்குப் பள்ளம்னு ஒரு மாகாணம் இருக்கு. நான் பொறந்த ஊரு. போகத்துக்குப் போகம் மண்ணை மாத்தணும்னு தலைநகர் உத்தரவு போடும். எங்க ஜனம் கேட்காது. உப்பைக் கழுவிக் கழுவி அதே மண்ணுல பயிர் பண்ணும். என்னைக்கோ நீங்க போட்ட கொசுறு அங்க இன்னும் உயிரோட இருக்கு. உறை மோர் மாதிரி, ஒரு பிடி எடுத்துப் போட்டா அடுத்த வயலும் பிழைச்சுக்கும். கூட்டரசு முழுக்க நாங்களே குடுத்திருக்கலாம்."

"குடுக்க வேண்டியதுதானே!"

"எப்படிக் குடுக்கறது? எங்களுக்கும் தலைநகருக்கும் நடுவுல அதே தராசு, அதே வரி. எழுதினதுக்கு மேல ஒரு பிடி அனுப்பினா மீறல், உங்க துறைமுகம் மாதிரி எங்க பனிச்சுரங்கத்தோட சாவி தலைநகருக்குப் போயிடும். நாங்க போய் வரியை அழிங்கன்னா யாரு கேட்பா? மாகாணம்தானே, வாயை மூடும்பாங்க. ஆனா வெளிநாடு கேட்டா, அது மானப் பிரச்சினை." அவர் குரலைத் தாழ்த்தினார். "தராசுக்கு சட்டப் புத்தகம் ஒண்ணே ஒண்ணுதான் மேடம். உங்களுக்கு அழிஞ்ச வரி எல்லாருக்கும் அழிஞ்சுபோச்சு."

மரகதத்துக்கு மெதுவாக ஒரு சந்தேகம் முளைத்தது. "அப்ப, ஆரம்பத்துல எங்க மேல புகார் குடுத்ததும்...?"

"புகார் குடுக்கறது என் உத்தியோகம்." கஜபதி கப்பலின் படியில் கால் வைத்தார். "ஒரு வரியை அழிக்கணும்னா, எழுதினவனுக்கு அது ஒரு தடவையாவது வலிக்கணும்."

"வலிச்சது குழந்தைங்களுக்கு."

சிரிப்பு நின்றது. "தெரியும். எங்க பள்ளத்துக் கீரை பள்ளிக்கூடங்களுக்கு மட்டும் திருட்டுத்தனமாப் போச்சு. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் போகல. அதுக்கு நான்தான் பதில் சொல்லணும், சொல்லுவேன்." அவர் கைகூப்பினார். "வரேன் மேடம்."

கப்பல் கிளம்பியது. மூச்சிரைக்க ஓடி வந்த நவாஸ் விஷயத்தைக் கேட்டதும் தலையில் கை வைத்தான். "மேடம், அப்ப ஜெயிச்சது நாமளா, அவரா?"

மரகதம் ஜன்னலை அடைத்து நின்ற செவ்வாயைப் பார்த்தாள். கீழே தெற்கு ஓரத்தில், இத்தனை நாள் அவள் கவனித்தே இராத ஒரு வெளிறிய பள்ளம் தெரிந்தது.

"மூணாவது மேடையைக் காலி பண்ணி வை," என்றாள். "தெற்குப் பள்ளத்துல இருந்து கப்பல் வரும். சாவி பயம் போச்சுல்ல, பனிக்கட்டி விக்க வருவாங்கன்னு நினைக்கறேன்."

"வரட்டும். எந்த நாட்டுக் கொடின்னு பதியறது?"

"அவங்களுக்கே இன்னும் தெரியாது. கொடி இல்லாம வந்தாலும் கேள்வி கேட்காதே, இறங்க விடு." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரைக் கேட்கணும்? நம்ம துறைமுகம்."